ரூம் வாடகை வித்தியாசம் மட்டும் கட்டினால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள்

காப்பீட்டை நம்பி வீட்டில் யாரையாவது தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறவர்கள், ரூமுக்குச் சரி சொல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள். ரூம் வாடகையைக் காட்டி எங்கள் கேஷ்லெஸ் தொகையில், அதாவது காப்பீட்டுக் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டும் பணத்தில், பாதிக்குப் பாதி வெட்டினார்கள். அதில் ஒரு பகுதியைச் சண்டை போட்டுத்தான் திரும்ப வாங்கினேன்.

அம்மா காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். வயது 68, சர்க்கரை உண்டு. விடியக்காலம் கட்டுத்தரையில் சாணி வழிக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 108 வந்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. அங்கே பார்த்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் இடுப்பு மூட்டில் இருக்கும் பந்தை மாற்ற வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். ஆனால் எலும்பு வார்டில் கட்டில் இல்லை, பாய்தான். சர்க்கரைக்கு ஒருவர், இருதயத்துக்கு ஒருவர், மயக்க மருந்துக்கு ஒருவர் என்று ஃபிட்னஸ் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் இருக்கும் நேரத்தில் இன்னொருவர் இருப்பதில்லை. ஆபரேஷன் எப்போது என்று கேட்டால், "லிஸ்ட்ல பேர் வரட்டுங்க" என்பதுதான் பதில். வயதானவர்களுக்கு இடுப்பு முறிந்தால் கூடுமானவரை இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும். அதற்குப் பயந்துதான் கோயமுத்தூருக்குக் கிளம்பினோம்.

அம்மாவிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருந்தது. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் பார்க்கலாம். நாங்கள் போன ஆஸ்பத்திரி வாசலில் அந்தத் திட்டத்தின் போர்டு பெரிதாக இருந்தது. உள்ளே போனால், "எலும்புக்கு இங்க அந்தக் கார்டு எடுக்கறதில்லைங்ணா" என்றார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் எந்தெந்தப் பிரிவு என்று பார்த்துத்தான் அனுமதி கொடுக்கிறார்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் இதைக் கேட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் ஏற்றுங்கள். ஆளை இறக்கிய பிறகு திருப்பிக் கொண்டுபோக யாருக்கும் மனசு வராது, அது அவர்களுக்கும் தெரியும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறேன். அம்மா பேரில் தனியாக 3 லட்சத்துக்குப் பாலிசி எடுத்து, சர்க்கரை இருப்பதையும் எழுதிக் கொடுத்து, விடாமல் பிரீமியம் கட்டி வருகிறேன். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலமும் முடிந்துவிட்டது. அதனால் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் தைரியமாகவே உட்கார்ந்தேன். பாலிசியில் ரூம் வாடகைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது ஒரு நாளுக்கு 3,000 ரூபாய்தான் வரம்பு என்று நானேதான் சொன்னேன். டெஸ்க்கில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அந்த ரூமெல்லாம் ஃபுல்லுங்ணா. 6,000 ரூம்ல போட்டுக்கலாம். வித்தியாசம் மட்டும் நீங்க கட்டற மாதிரி வரும், வேற ஒண்ணும் ஆகாதுங்ணா" என்றது. அம்மா ஸ்ட்ரெச்சரில் முனகிக்கொண்டு கிடக்கிறார். சரி என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்று பில் 2,60,000. ரூம் 30,000, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,20,000, உள்ளே வைத்த பந்து 65,000, மருந்தும் டெஸ்டும் 45,000. ரூம் வித்தியாசம் 15,000, கையுறை, பஞ்சு என்று கொஞ்சம், ஆக 25,000 கட்டினால் வீட்டுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி அனுமதித்தது 1,22,000. மிச்சத்தைக் கட்டினால்தான் கேட் பாஸ்.

ரூம் வரம்பைப் போல இரு மடங்கு என்பதால் மொத்த பில்லையும் பாதியாக்கி, கையுறை, பஞ்சுக்கும் கொஞ்சம் கழித்துவிட்டார்கள். இப்படிப் பாதியாக்குவதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர். ரூம் பெரிதானால் சர்ஜன் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் கூடவே ஏறும் என்பது இவர்கள் வாதம். அதைக்கூட விடுங்கள். மருந்து, டெஸ்ட், உடலுக்குள் வைக்கும் பொருள் ஆகியவற்றில் இந்தக் கழிவு செய்யக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் விதி போட்டது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. என் பாலிசிப் புத்தகத்திலேயே அது அச்சாகியிருக்கிறது. எந்த ரூமில் படுத்தாலும் பந்தின் விலை ஒன்றுதானே? டெஸ்க்கில் காட்டினேன். "டிபிஏல கேட்டுக்கங்ணா" என்றார்கள். டிபிஏ என்பது இன்சூரன்ஸ் கம்பெனிக்காக பில்லைப் பார்த்து அனுமதி கொடுக்கும் இடைநிலை நிறுவனம். டிபிஏவுக்குப் போன் போட்டால் பாட்டுத்தான் பாடுகிறது.

காலையில் டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டு இரவு வரை உட்கார வைத்தது தனிக்கதை. ஆஸ்பத்திரி பில்லை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி அனுமதி தர வேண்டும், தாமதத்தால் ஏறும் செலவு கம்பெனியைச் சேர்ந்தது என்று 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் எங்கள் பில்லை ஆஸ்பத்திரி மாலை ஐந்து மணிக்குத்தான் அனுப்பியிருக்கிறது. "அப்ரூவல் வரலை" என்று சொன்னால், "நீங்க எப்ப அனுப்பினீங்க? அந்த மெயிலைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

பணத்தைக் கட்டி அம்மாவைக் கூட்டி வந்த பிறகு, எந்த வரியில் எவ்வளவு கழித்தீர்கள் என்று கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கேட்டேன், பாலிசிப் பக்கத்தின் படத்தையும் சேர்த்து. முதலில் வந்தது, "பாலிசி விதிப்படியே தீர்க்கப்பட்டது" என்ற ஒற்றை வரி. ஒரு மாதத்துக்குள் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரியிடம், போவேன் என்று திரும்ப எழுதினேன். அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையான வழக்கைப் பார்ப்பார்கள். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அந்தக் கடிதத்துக்குப் பிறகு பந்து, மருந்து, டெஸ்டில் வெட்டிய 55,000 வங்கிக் கணக்குக்கு வந்தது. வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை.

சர்ஜன், தியேட்டர் கட்டணத்தில் போன 60,000 பாலிசிப்படி போனதுதான், திரும்ப வராது. அதற்குத்தான் எனக்கு ஆஸ்பத்திரி மேல் கோபம். இருவர் தங்கும் ரூமில் அன்றைக்குக் கட்டில் காலியாகத்தான் கிடந்தது என்று, அதே நாளில் அங்கே இடம் வாங்கிய ஒருவர் பின்னால் சொன்னார். நீங்கள் போனால், ரூம் இல்லை என்பதையும் கழிவு எவ்வளவு வரும் என்பதையும் டெஸ்க்கில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அவர்கள் எதிரிலேயே கம்பெனியின் எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அம்மாவின் பாலிசியை ரூம் வரம்பு இல்லாத ஒன்றுக்கு மாற்றப் பார்க்கிறேன். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பித்தால், முடித்த காத்திருப்புக் காலம் வீணாகாமல் வேறு கம்பெனிக்குப் போகலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை என்பதால் கூடுதல் பிரீமியம் அவ்வளவாக உறுத்தவில்லை.

ஆஸ்பத்திரி மேல் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டும்தான் கையில் இருக்கிறது. விசாரணைக்குக் கூப்பிட்டால் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.