அப்பாவின் உயிலுக்காக ஒரு கிருஷ்ணகிரிப் பயணம்

இந்த விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனதே அப்பாவின் உயிலுக்காகத்தான். அப்பாவும் அம்மாவும் தெளிவாக, நடமாட்டத்தோடு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று நானும் தங்கையும் பேசி வைத்திருந்தோம். வெளிநாட்டில் இருக்கும் நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு. பத்திர எழுத்தர் முதலில் கேட்டது உயிலைப் பற்றி இல்லை. "பட்டா யார் பேர்ல இருக்குங்க ஐயா?" என்றார். கூட்டுப் பட்டா. சித்தப்பா பெயரும் சேர்ந்தே இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் வேலை சிக்குவது இந்த இடத்தில்தான். உயில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், எந்தத் துண்டு யாருடையது என்று வருவாய்த்துறைப் பதிவேட்டில் தெளிவில்லை என்றால் பிள்ளைகள்தான் பின்னால் அலைய வேண்டும்.

பழைய பத்திரங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தருமபுரி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதனால் தாத்தாவின் பத்திரத்தில் சேலம் மாவட்டம், அப்பா வாங்கிய நிலத்துக்குத் தருமபுரி மாவட்டம், இன்றைய பட்டாவில் கிருஷ்ணகிரி மாவட்டம். சர்வே எண்ணும் நடுவில் மாறியிருக்கிறது. உயிலில் பழைய எண், புதிய எண், நான்கெல்லை எல்லாவற்றையும் எழுதச் சொன்னோம். பட்டா, நில விவரம் சொல்லும் சிட்டா, சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று எல்லாம் வீட்டிலிருந்தே இணையத்தில் எடுக்க முடிந்தது. இது உண்மையிலேயே பெரிய மாற்றம். கூட்டு நிலத்தை உட்பிரிவு செய்து, அதாவது எங்கள் பங்கைத் தனியாகப் பிரித்து, தனிப்பட்டா வாங்குவதற்கு மட்டும் சர்வேயர் வந்து அளந்தாக வேண்டும், அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

எனக்கு வருத்தம் தந்தது முதல் வரைவு. தங்கையின் பெயரே அதில் இல்லை. "பொண்ணுக்குச் சீர் செஞ்சிட்டீங்க இல்ல" என்று இயல்பாகச் சொன்னார் எழுத்தர். அப்பா உடனே, "எம் பொண்ணு பேரு இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேங்க" என்றார். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது. அதற்கு முன் திருமணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-இல் வந்த மத்தியச் சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. இத்தனை வருடம் கழித்தும் மகளை விட்டுவிட்டு எழுதுவது வழக்கமாக இருப்பது சரியே இல்லை. தயவுசெய்து வரைவை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

"உயில் எதுக்குங்க, செட்டில்மெண்ட்டே எழுதிடலாமே" என்ற பேச்சும் வந்தது. செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுப்பது. அதை எழுதிப் பதிந்தால் சொத்து அன்றே கைமாறிவிடும். முத்திரைத் தீர்வையும் உண்டு. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்தால், பிள்ளைகள் கைவிடும்போது அதை ரத்து செய்ய 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனாலும் எழுபதைக் கடந்த பெற்றோரை அந்த நிலைக்குக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசி மூச்சு வரை சொத்து அவர்களுடையதுதான்.

உயிலைப் பதிவது கட்டாயம் இல்லை. நாங்கள் பதிந்தோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன்படி கூப்பிட்டு, அப்பாவிடம் விவரம் கேட்டு, புகைப்படமும் கைரேகையும் எடுத்தார்கள், மரியாதையாகவே நடத்தினார்கள். நடக்க முடியாதவர்களுக்கு, தகுந்த காரணம் காட்டினால் அதிகாரி வீட்டுக்கே வந்து பதியச் சட்டத்தில் இடம் உண்டு. 'ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடுமே' என்று அம்மா பயந்தார். உயில் தனிப் புத்தகத்தில் பதிவாகிறது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ தவிர வேறு யாரும் நகல் வாங்க முடியாது. இதைக் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு நிம்மதி.

சாட்சிகள் இரண்டு பேர். அப்பா தன் நண்பர்களைத்தான் நினைத்திருந்தார். நான் வேண்டாம் என்றேன். நாளை வழக்கு என்று வந்தால் ஒரு சாட்சியாவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும், அவர்களுக்கும் அப்பா வயதுதான். சொத்தில் பங்கில்லாத, வயதில் சிறிய இரண்டு பேரைக் கூப்பிட்டோம். டாக்டரிடம் மனநலச் சான்றும் வாங்கிக்கொண்டோம். கட்டாயமில்லை, ஆனால் நல்லது.

அப்புறம் வங்கி. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்ல. அதனால் வங்கியில் போட்டிருக்கும் வைப்புத்தொகையையும் உயிலில் சேர்த்தோம்.

நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு விஷயம். வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது, ஆனால் வாரிசாகப் பெறலாம். உட்பிரிவு வேலையைத் தங்கை பார்க்க அதிகாரப் பத்திரம் (பவர்) கொடுப்பதென்றால், அதை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்டியாக வேண்டும்.