ஓக் ஆலியா, விட்னியா? நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஓர் அரை நாள்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸுக்குப் போகிறவர்கள் பிரெஞ்சு குவார்ட்டர் என்ற பழைய நகரப் பகுதியைச் சுற்றி முடித்ததும் அடுத்துக் கேட்பது, ஆற்றோரத் தோட்டங்களில் எதற்குப் போகலாம் என்பதுதான். ஊரிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம் மேற்கே போனால், மிசிசிப்பிக் கரையோரம் பழைய கரும்புத் தோட்டங்கள் சில இன்று அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. அரை நாள்தான் இருக்கிறது என்றால் பேச்சு பெரும்பாலும் ஓக் ஆலிக்கும் விட்னிக்கும் நடுவில் வந்து நிற்கும். ஈரோட்டிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவோடு இரண்டையும் பார்த்தோம். ஒன்றுதான் முடியும் என்பவர்களுக்கு என் பதில் விட்னி.

அழகு என்றால் போட்டியே இல்லை, ஓக் ஆலிதான். இருபுறமும் சேர்த்து 28 ஓக் மரங்கள், ஏறக்குறைய முந்நூறு வயது, மேலே கிளைகள் பின்னிக்கொண்டு நிற்கின்றன. அந்த நிழற்பாதை முடிகிற இடத்தில் தூண்கள் சூழ்ந்த வெள்ளை மாளிகை. சாப்பிட உணவகம் இருக்கிறது, இரவு தங்கக் குடில்கள் இருக்கின்றன. கல்யாண நாள் கொண்டாட்டம், நல்ல போட்டோ என்று போகிறவர்கள் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

அந்த மாளிகையை 1837 முதல் 1839 வரை கட்டியது அடிமைகளின் உழைப்பு. ஓக் ஆலி இதை மறைக்கவில்லை. அடிமைகள் வாழ்ந்த குடிசைகளை மறுபடி கட்டி, உள்ளே கண்காட்சி வைத்திருக்கிறார்கள். ஆந்த்வான் என்ற தோட்டக்காரரின் கதையை அங்கேதான் கேட்டேன். 1840-களில் பீக்கன் என்ற கொட்டை மரத்தை ஒட்டுக்கட்டி, கையாலேயே உடைக்கக்கூடிய மெல்லிய ஓடு கொண்ட ரகத்தை உண்டாக்கியவர் அவர். 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்தப் பீக்கனுக்குப் பரிசு கிடைத்தது. ஆந்த்வானோ அடிமை. குடும்பப் பெயர்கூட ஏட்டில் இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம் இங்கேதான் வருகிறது. ஓக் ஆலியில் அந்தக் குடிசைகளைத் தாண்டிப் போய்விட முடியும். நாங்கள் போன அன்று பலர் அப்படித்தான் போனார்கள். வாசலில் தலையை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு, மாளிகைக்கு நேரமாகிறது என்று நடையைக் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த இடத்தின் அமைப்பே கண்ணை மரங்களுக்கும் தூண்களுக்கும் இழுக்கிறது. வரலாறு அங்கே இருக்கிறது, ஆனால் விருப்பப்பட்டால் மட்டும்.

விட்னியில் அந்தச் சலுகை கிடையாது. ஜான் கம்மிங்ஸ் என்ற வழக்கறிஞர் வாங்கிச் சீர்செய்து 2014 டிசம்பரில் திறந்த இடம். முழுக்க அடிமைகளின் பக்கமிருந்தே கதை சொல்கிறார்கள். முதலில் ஒரு பழைய தேவாலயம். உள்ளே பெஞ்சுகளுக்கு இடையில் சின்னச் சின்னப் பிள்ளைகளின் சிலைகள், வுட்ரோ நாஷ் செய்தவை. பிறகு பெயர்கள். அந்தத் தோட்டத்தில் இருந்த முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு சுவர். வரலாற்றாசிரியர் க்வென்டலின் மிட்லோ ஹால் திரட்டிய, லூசியானா முழுவதையும் சேர்ந்த 1,07,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கருங்கல் பலகைகள். அந்த மாவட்டத்தில் இறந்துபோன அடிமைக் குழந்தைகள் சுமார் 2,200 பேருக்குத் தனியாக ஒரு முற்றம். அம்மா ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அங்கே வயதைக் குறிக்கும் எண்களே போதுமாக இருந்தன. இரண்டு, ஒன்று, மூன்று என்று விரலை ஓட்டிக்கொண்டே போனார்.

எஜமானர் வீடு இங்கேயும் உண்டு. ஆனால் அதை எட்டுவதற்குள் இதையெல்லாம் பார்த்திருப்பீர்கள். அதனால் வீட்டைப் பார்க்கிற பார்வையே மாறிவிடுகிறது.

அப்பாவை நிறுத்தியது இரும்புக் கொப்பரைகள். கவுந்தப்பாடிப் பக்கம் ஆலை ஆடுவதைப் பார்த்தே வளர்ந்தவர், யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. பெரிய கொப்பரையில் தொடங்கி, கொதிக்கும் சாற்றைக் கையாலேயே அள்ளி அடுத்தடுத்த சின்னக் கொப்பரைகளுக்கு மாற்றிக்கொண்டே போவார்கள் என்று நான் படித்துச் சொன்னதும், “வெட்டுன கரும்பு காத்துக் கெடக்காது சாமி, ராத்திரி பகலா ஆட்டித்தான் ஆகோணும்” என்றார். நடந்ததும் அதுதான். அக்டோபரிலிருந்து ஆண்டுக் கடைசி வரை அரவைக் காலம், உறைபனி விழுவதற்குள் முடித்தாக வேண்டும் என்று இரவிலும் அடுப்பு அணையாது. ஓக் ஆலிக்கும் பணம் வந்தது இதே சர்க்கரையிலிருந்துதான்.

விட்னியில் குறை இல்லாமல் இல்லை. திறந்த வெளி அதிகம், நிழல் குறைவு. நாங்கள் போனது குளிர்காலத்தில். லூசியானா ஜூலை வெயிலில் வயதானவர்களை அழைத்துப் போவது பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, நானாக இருந்தால் காலையிலேயே முடித்துவிடுவேன். 1811-ல் நடந்த அடிமைகள் கிளர்ச்சியில் கொல்லப்பட்டவர்களின் தலைகளைக் கம்பங்களில் செருகி வைத்ததை நினைவூட்டும் சிற்பங்களும் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.

லாரா என்று மூன்றாவது ஒன்று ஓக் ஆலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிரியோல், அதாவது லூசியானாவிலேயே பிறந்து வேரூன்றிய பிரெஞ்சு மரபுக் குடும்பம் ஒன்றின் கதைக்காக அதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நான் உள்ளே போகவில்லை, அதனால் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

முழு நாள் இருந்தால் இரண்டையுமே பாருங்கள், நடுவில் கார் பயணம் கால் மணி நேரம் சொச்சம்தான். விட்னி முதலில், ஓக் ஆலி அப்புறம். அந்த வரிசையில் போனால் ஓக் ஆலியின் குடிசைகளை எட்டிப் பார்த்துவிட்டு நகர மனம் வராது. ஆந்த்வானையும் தவறவிட மாட்டீர்கள்.