பிரே அஸ் யூ கோ ஆப்: பதில் சொல்லாது, கேள்விதான் கேட்கும்

காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் நாலு குரூப்பிலிருந்து இன்றைய வாக்குத்தத்தம் வந்து விழுகிறது, இந்த மாதம் உனக்குக் கதவு திறக்கும் என்று கர்த்தரே சொன்ன மாதிரி. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் "ஆண்டவரே பேசும்" என்று அரை மணி நேரம் நாமே பேசிவிட்டு ஆமென் சொல்லி எழுந்துவிடுகிறோமே என்று உறுத்துகிறவர்களுக்கு பிரே அஸ் யூ கோ என்ற இந்த ஜெப ஆப்பைத் தைரியமாகச் சிபாரிசு செய்வேன்.

பிரிட்டனில் உள்ள இயேசு சபையினர் (ஜெசுயிட் என்ற கத்தோலிக்கத் துறவிகள்) 2006இல் தொடங்கியது. இலவசம், நன்கொடையில் ஓடுகிறது. வார நாளில் தினம் ஒரு ஆடியோ, சனி ஞாயிறுக்குச் சேர்த்து ஒன்று, பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். முதலில் ஒரு பாட்டு, பிறகு அன்றைய வேதபகுதி, அதையொட்டி ஒன்றிரண்டு கேள்வி, அப்புறம் அதே பகுதியை மறுபடியும் வாசிப்பார்கள். இந்த இரண்டாவது வாசிப்புதான் விஷயமே. இயேசு பார்வை கொடுத்த குருடன் பர்திமேயு கதையெல்லாம் சண்டே ஸ்கூலிலிருந்து கேட்டது, முதல் தடவை மனசு எங்கேயோ ஓடிவிடும். இரண்டாம் தடவை "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்ற இடத்தில் நின்றுவிடும், குருடனுக்கு என்ன வேண்டும் என்று தெரியாமலா இயேசு கேட்டார், அப்படியென்றால் என்னிடமும் கேட்பாரே, நான் என்ன சொல்வேன் என்று. அந்தக் கேள்வியோடு நம்மை விட்டுவிடுவார்கள், விளக்கம் கொடுக்க மாட்டார்கள். அரை மணி நேரப் பிரசங்கத்துக்குப் பழகினவர்களுக்கு இது முதலில் மொட்டையாகத் தெரியும்.

இது இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் வழி. 1521இல் ஸ்பெயினின் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுத்திருந்தவர், வீரசாகசக் கனவுகள் இனித்துவிட்டுப் பின்னால் வறண்டுபோவதையும், புனிதர்களைப் போல வாழ வேண்டும் என்ற நினைப்பு தந்த சந்தோஷம் நிலைத்து நிற்பதையும் கவனித்தார். தேவன் தன்னை எங்கே இழுக்கிறார் என்பதை அதிலிருந்துதான் கண்டுகொண்டார், காதில் சத்தம் கேட்டு அல்ல. ஆப்பில் எக்ஸாமன் என்று ஒரு பகுதி இருக்கிறது, படுக்கப் போகும்முன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பதற்கு. எங்கே நன்றி வந்தது, எங்கே மனசு சுருங்கியது என்று பார்க்கச் சொல்லும். தினசரி ஜெபத்தைவிட எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது.

ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) ஆப் ஆச்சே என்று எங்கள் சபையில் கேட்டார்கள். பெரும்பாலும் சுவிசேஷம்தான் வாசிக்கிறார்கள், திருநாட்களில் புனிதர் பெயர் வரும், அவ்வளவுதான். எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் பிரிட்டிஷ் உச்சரிப்பு. அன்றைய பகுதியைத் தமிழில் ஒருமுறை வாசித்துவிட்டுப் போடுங்கள், வித்தியாசம் தெரியும்.

வேலை மாறலாமா, இந்த வரனுக்குச் சரி சொல்லலாமா என்று உடனடி பதில் தேடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. அதற்கு வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், நம்மை நன்றாகத் தெரிந்த விசுவாசி ஒருவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும், ஆப் அதைச் செய்யாது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்று குறைத்தது, கேள்வி கேட்ட கையோடு இசையைப் போட்டுவிடுகிறார்கள் என்பதற்காக. பாஸ் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டே கேளுங்கள்.