டப்பா டிவியில் லேப்டாப் படம்: ஹெச்டிஎம்ஐ–ஏவி கன்வெர்ட்டர்

சென்னை ரிச்சி தெருவில் 500 ரூபாய்க்குள் வாங்கிய சின்னக் கருப்புப் பெட்டி இது. ஒரு பக்கம் ஹெச்டிஎம்ஐ, மறுபக்கம் படத்துக்கு மஞ்சள், ஒலிக்கு வெள்ளை, சிவப்பு என மூன்று ஏவி துளைகள். அம்மா கைவிட மறுக்கும் 21 அங்குல டப்பா டிவிக்காக வாங்கினேன்.

ஒரு முனையில் ஹெச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று பின் என்று வெறும் ஒயரும் கடைகளில் தொங்கும். விலை குறைவு, ஆனால் தொடாதீர்கள். லேப்டாப் தருவது டிஜிட்டல் சிக்னல்; அதை அனலாக் ஆக்க உள்ளே சிப் வேண்டும், அந்த சிப்புக்கு மின்சாரமும் வேண்டும். இந்தப் பெட்டிக்கு லேப்டாப்பின் யூஎஸ்பியே போதுமானதாக இருக்கிறது.

பெட்டியின் ஓரத்தில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று ஒரு குட்டி ஸ்விட்ச்; இரண்டும் நாட்டுக்கு நாடு மாறும் அனலாக் டிவி முறைகள். நம் ஊருக்கு பால்தான். மாறியிருந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும். டிவியில் ஆடியோவுக்கு ஒரே துளைதான் என்றால் வெள்ளையை மட்டும் செருகுங்கள்.

சினிமா, பழைய பாட்டு எல்லாம் ஜோர். எழுத்துதான் தொல்லை. பால் படத்தில் மொத்தமே 576 வரிகள். மெயில் படிக்க உட்கார்ந்தால் கண் வலிக்கும், எக்செல்லை நினைக்கவே வேண்டாம். ஓரங்களை டிவி கொஞ்சம் வெட்டிவிடுவதால் கீழே டாஸ்க்பாரும் பாதி காணாமல் போகிறது. லேப்டாப்பின் அகலமான படத்தை டப்பா டிவியில் நெருக்குவதால் ஆட்கள் ஒல்லியாகத் தெரிவார்கள்; லேப்டாப்பில் ஸ்க்ரீன் ரெசல்யூஷனை 800x600 வைத்தால் அது நிற்கும், எழுத்தும் ஓரளவு பெரிதாகும்.

கூடவே வந்த ஏவி ஒயர் மட்டும் மட்டம். அசைத்தால் படம் போய்விடுகிறது. பழைய டிவிடி பிளேயரின் ஒயர் வீட்டில் கிடந்தால் அதையே போடுங்கள்.