இலங்கையைப் பற்றி ஆராய நான்கு இணையதளங்கள்: ஒரு மதிப்பீடு

நாகர்கோவிலில் முதுகலை வரலாறு படிக்கும் என் தங்கை மகள், இலங்கையின் மக்கள்தொகை குறித்த ஆய்வேட்டுக்காகத் திரட்டிய அட்டவணையைச் சென்ற மாதம் என்னிடம் காட்டினாள். அதில் '1991 கணக்கெடுப்பு' என்றொரு வரிசை, கடைசி இலக்கம் வரை துல்லியமான எண்ணோடு இருந்தது. உள்நாட்டுப் போரினால் அந்நாட்டில் 1981க்குப் பிறகு 2001 வரை கணக்கெடுப்பே நடக்கவில்லை; 2001இல் நடந்ததும் 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக முடிந்தது. "இதை எங்கிருந்து எடுத்தாய், மக்களே?" என்று கேட்டேன். "தேடியதும் முதலில் வந்த தளம், மாமா" என்றாள். அந்த ஒரு வரிசைக்காகவே நாங்கள் இருவரும் ஒரு வாரம் உட்கார்ந்து நான்கு தளங்களை ஒப்பிட்டோம்.

அதற்கு முன், அவள் பார்த்த தளத்தை நம் மண்ணை வைத்தே உரசிப் பார்த்தேன். கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அந்தத் தளமோ 1947இலேயே நம்மைச் சென்னை மாகாணத்தில் சேர்த்திருந்தது. அதை அப்போதே விலக்கிவிட்டோம்.

நான்கில் முதலிடம் இலங்கை அரசின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் தளத்துக்குத்தான். 2012ஆம் ஆண்டின் 2,03,59,439 என்ற மக்கள்தொகை, எண்ணியவர்களே வெளியிட்ட எண். தேடுவது எளிதன்று, கோப்புகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. நாம் 'மக்கள்தொகைக் கணக்கெடுப்பு' என்பதை அவர்கள் 'குடிசன தொகைமதிப்பு' என்பார்கள். தமிழில் தேடுபவர்கள் அந்தச் சொல்லைக் கொண்டு தேடுவது நல்லது. அட்டவணைக்கு அடியில் சிறிய எழுத்தில் உள்ள குறிப்புகளைப் படிக்காமல் ஓர் எண்ணையும் எடுக்கக் கூடாது. எந்த மாவட்டம் விடுபட்டது என்பது அங்கேதான் இருக்கும்.

உலக வங்கியின் தரவுத் தளம் பயன்படுத்த மிக எளிது. 1991 உட்பட ஆண்டுதோறும் எண் தருகிறது. ஆனால் கணக்கெடுப்பு இல்லாத ஆண்டுகளுக்கு அவை மதிப்பீடுகளே. மூலம் எது என்பதையும் அத்தளமே சொல்லிவிடுவதால், நாடுகளை ஒப்பிடுவதற்கு அதை நம்பிப் பயன்படுத்தலாம்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டாய்வு வரிசையில் உள்ள இலங்கை நூலுக்கான ஆய்வு 1988இல் முடிந்தது. சமூகப் பின்னணிக்குச் செறிவானது. அதற்குப் பிந்தைய செய்திகளுக்கு உதவாது.

என் மனத்துக்கு மிக நெருங்கியது, 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பழைய பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக மின்வருடி, கட்டணமின்றி வாசிக்கத் தருகிறார்கள். எண்களுக்காக அங்கே போக வேண்டாம். அந்த எண்களுக்குள் வாழ்ந்த மனிதர்கள் தங்கள் தமிழிலேயே எழுதியதை வாசிக்கப் போகலாம்.

தங்கை மகள் தன் அட்டவணையில் 1991க்கு நேராக இருந்த எண்ணை அழித்துவிட்டு, 'கணக்கெடுப்பு நடைபெறவில்லை' என்று எழுதினாள்.