கெபின் நம்பர் இல்லாத கப்பல் புக்கிங்குக்கு முழுக்காசு கட்டாதீர்கள்

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் போதும், சிங்கப்பூரில் இருந்து கப்பல் சுற்றுலா என்று மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று வட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் வரத் தொடங்கிவிடும். அப்படியொரு ஏஜென்சியிடம் கல்முனைக் குடும்பம் ஒன்று பால்கனி அறைக்கென்று காசு கட்டியது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். கப்பலில் கிடைத்தது யன்னலே இல்லாத உள்ளறை. திரும்பி வந்து கேட்டபோது "கப்பல்காரன் கடைசி நேரத்தில மாத்திட்டான்" என்றார்கள். அது பொய். கப்பல் கம்பனி அனுப்பிய உறுதிப்படுத்தல் தாளில் முதல் நாளே 'இன்சைட் ஜி.டி.வை' (Inside GTY; GTY என்பது guarantee என்பதன் சுருக்கம்) என்று இருந்திருக்கிறது. அந்தத் தாளை ஏஜென்சி குடும்பத்தின் கண்ணில் காட்டவே இல்லை. கையில் கொடுத்தது ஏஜென்சியின் சொந்த லெட்டர்ஹெட்டில் அடித்த விலைப்பட்டியல் மட்டும்.

ஜி.டி.வை என்று போட்டிருந்தால் அறையின் வகைக்கு மட்டும்தான் உத்தரவாதம். எந்தத் தளம், எந்த நம்பர் என்பதைப் பயணம் கிட்டும்போது கம்பனியே தீர்மானிக்கும். அதனால்தான் விலை குறைவு. தெரிந்து எடுத்தால் பிழையில்லை. மலிவாக அதை எடுத்துவிட்டு, நம்பரோடு கூடிய பால்கனியின் விலைக்கு விற்பதுதான் மோசடி.

இதைப் பிடிப்பது கஷ்டமில்லை. முற்பணம் கட்டியதும் கப்பல் கம்பனியின் புக்கிங் இலக்கத்தை வாங்குங்கள். ஏஜென்சியின் இன்வொய்ஸ் நம்பர் உதவாது. பெரிய கம்பனிகளின் இணையத்தளத்தில் அந்த இலக்கத்தையும் கடவுச்சீட்டில் உள்ள குடும்பப் பெயரையும் அங்கே கேட்கும் மற்ற விபரங்களையும் கொடுத்தால் அறை வகை, அறை நம்பர், பயணிகளின் பெயர்கள் தெரியும். இலக்கம் தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு ஒரு ரூபாயும் கட்டவேண்டாம். கம்பனிகள் பெரும்பாலும் மீதிக்காசைக் கேட்பது புறப்பட 75 முதல் 90 நாளுக்கு முன்னர்தான். ஆறு மாதம் இருக்கும்போதே முழுத்தொகையும் கேட்டால், உங்கள் காசை அவர் வேறெங்கோ புரட்டுகிறார் என்று சந்தேகப்படுங்கள்.

நம்பர் கிடைத்ததும் அந்தக் கப்பலின் தள வரைபடத்தை எடுத்து, உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் தடாகமோ பஃபே சாப்பாட்டு இடமோ என்றால் விடியக்காலையிலேயே கதிரை இழுக்கும் சத்தம். கீழே அரங்கு என்றால் நடுச்சாமம் வரை பாட்டு. முன்பக்க அறைகளுக்கு நங்கூரச் சங்கிலியின் இரைச்சல் கேட்கும், பின்பக்கத்தில் எஞ்சின் அதிர்வு. தலைசுற்று, சத்தி வருகிற ஆளுக்கு நடுப்பகுதி, கீழ்த்தளம். மலிவான 'கடல் பார்த்த' அறைகளில் சிலவற்றின் யன்னலை உயிர்காப்புப் படகு மறைத்து நிற்கும். வரைபடத்தில் அதற்குத் தனிக் குறி இருக்கும். மூன்றாம், நான்காம் ஆளுக்குப் பெரும்பாலும் மேலிருந்து இறக்கும் ஏணிக்கட்டில்தான். வயதான அம்மாவை அதில் ஏற்ற முடியாது.

'எல்லாம் அடக்கம்' என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சுட்டது. பணியாளர் சேவைக் கட்டணம் ஆளுக்கு ஓர் இரவுக்கு 18.50 டொலர் என்றால், நாலு பேருக்கு நாலு இரவு 296 டொலர். பிள்ளைகளுக்கும் உண்டு. வைஃபை, சோடா, விசேட உணவகங்கள் எல்லாம் வேறு. சேவைக் கட்டணமும் துறைமுக வரியும் விலைக்குள் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். ஹலால், சைவச் சாப்பாட்டையும் அப்படியே. கப்பலில் டெபிட் காட் கொடுத்தால் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபட நாளாகும்.

பயணப் பாதையில் ஊர்ப் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். 'கோலாலம்பூர்' என்பது போர்ட் கிளாங், நகரத்துக்கு ஒருவழிக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல். 'பாங்கொக்' என்பது லெம் சபாங், ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். கப்பல் காலையில் வந்து பின்னேரம் புறப்பட்டால் ஊர் பார்க்க மிஞ்சுவது கொஞ்ச நேரம்தான். பினாங்கில் இறங்கினால் ஜோர்ஜ் டவுனுக்கு நடந்தே போகலாம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் நல்ல துறை. தாய்லாந்தின் புக்கெட் தீவில் உள்ள பட்டோங்கில் கப்பல் கரைக்கு வராது, சிறுபடகில்தான் இறக்குவார்கள். அலை கூடினால் அதுவும் நிற்கும். துறையொன்றைத் தவிர்க்கக் கம்பனிக்கு ஒப்பந்தப்படி உரிமை உண்டு, அப்போது அந்தத் துறைமுக வரிக்கு மேல் காசு திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். நமக்கு மாரியைக் கொண்டுவரும் வாடைக்காற்றுதான் தென்சீனக் கடலையும் கொந்தளிக்க வைக்கிறது. கார்த்திகை, மார்கழி, தையில் வியட்நாம் பக்கப் பாதையை விட மலாக்கா நீரிணைப் பாதை அமைதி.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நமக்குச் சிங்கப்பூருக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை, மலேசியாவுக்குத் தேவை. "கப்பலை விட்டு இறங்காட்டி விசா வேணாம்" என்பதை நம்பாதீர்கள். விசா இல்லையென்று துறைமுகத்திலேயே ஏற்றாமல் விட்டால் காசு திரும்பாது. மட்டக்களப்பில் இருந்து கட்டுநாயக்கவுக்கே ஏழெட்டு மணித்தியாலம், சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணித்தியாலம் முன்னே. கப்பல் புறப்படும் நாளில் போய் இறங்கும் பிளேனை எடுக்காமல் முதல் நாளே போய்விடுங்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள்: கிரெடிட் அல்லது டெபிட் காட் மூலம் கட்டியிருந்தால் உடனே வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. ஏஜென்சி சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்ததா என்றும் விசாரியுங்கள். கப்பல் கம்பனியின் தாள், ஏஜென்சியின் விலைப்பட்டியல், காசு கட்டிய ரிசீட், வட்ஸ்அப் உரையாடல் நான்கையும் பிரதியெடுத்து, அறை வகை முரண்படும் வரியில் கோடு போட்டுக் கொடுங்கள்.