சொந்தத் தபால் எங்கே வர வேண்டும்: அலுவலகத்துக்கா, வீட்டுக்கா, அஞ்சலகத்துக்கா?

பகலில் வீட்டில் ஆள் இல்லாத குடும்பத்தினரும் விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்களும் சொந்தத் தபாலையும் பார்சலையும் அலுவலக முகவரிக்கே வரவழைப்பது சென்னை போன்ற நகரங்களில் இயல்பாகிவிட்டது. அடுக்ககக் காவலாளியிடம் கொடுக்கச் சொல்வதும், அஞ்சலகத்துக்கே போய்ப் பெற்றுக்கொள்வதும் இதற்கு மாற்று வழிகள். பொருள் பத்திரமாகக் கைக்கு வருமா என்று மட்டும் பார்த்தால் அலுவலகமே மேல்; யார் யார் கண்ணில் பட்டு வருகிறது என்று பார்த்தால் வரிசை மாறிவிடும்.

உறையைப் பிரித்துவிடுவார்களோ என்பதுதான் பலருக்கும் உள்ள அச்சம். பதவிப் பெயரிட்டு வருவதை அலுவலகக் கடிதமாகக் கருதித் தபால் பிரிவினர் பிரிப்பது வழக்கம் என்பதால், பதவியை விட்டுவிட்டுப் பெயரை முதலில் எழுதி, ‘தனிப்பட்டது’ என்று குறிக்கச் சொன்னால் பெரும்பாலும் பிரிக்காமல் தந்துவிடுவார்கள். ஆனால் பிரிக்காமலே தெரிந்துவிடுபவைதான் அதிகம். வரவேற்பு மேசையில் உள்ள இன்வர்ட் பதிவேட்டில் தேதி, அனுப்புநர், பெறுநர், கையொப்பம் என்று ஒரு வரி ஏறுகிறது. அதில் கருத்தரிப்பு மையத்தின் பெயரோ கடன் வசூல் நிறுவனத்தின் பெயரோ இருந்தால், அடுத்துக் கையெழுத்திட வருபவர் கண்ணை மூடிக்கொள்ளப் போவதில்லை. இணைய வணிகப் பார்சலிலோ கைபேசி எண், செலுத்த வேண்டிய தொகை, சில விற்பனையாளர்களின் லேபிளில் பொருளின் பெயரும் அளவும்கூட வெளியிலேயே அச்சாகியிருக்கும்.

சட்ட அறிவிப்பு என்றால் சங்கடத்தோடு நிற்காது. காசோலை திரும்பிய வழக்கில், அறிவிப்பைப் பெற்ற 15 நாளுக்குள் பணம் செலுத்தியாக வேண்டும். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். வரவேற்பாளர் கையெழுத்திட்டு வாங்கிய உறை, விடுப்பில் இருப்பவரின் மேசையில் ஒரு வாரம் கிடந்தால் அந்தக் கெடுவில் பாதி போய்விடும்.

காவலாளியின் மேசையிலும் இதே லேபிள்தான், பல இடங்களில் பதிவேடும் உண்டு. ஆனால் அங்கே பார்ப்பவர்கள் அக்கம்பக்கத்தார். பதவி உயர்வைத் தீர்மானிப்பவர்கள் அல்லர். வேறொரு நிறுவனத்தின் பணி ஆணையை வீட்டுக்கு வரவழைக்க இந்த வேறுபாடே போதும். குடும்பத்துக்குத் தெரியாமல் பெற வேண்டியவர்களுக்கோ அலுவலகமே பாதுகாப்பு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவ, சட்ட, நிதி சார்ந்த தாள்களுக்கு நான் அஞ்சலகத்தையே தேர்வு செய்வேன். 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டில் 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கூடுதலாகச் செலுத்தினால், பெறுநரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ மட்டும் ஒப்படைக்கும் பதிவு வசதி கிடைக்கிறது; ஓடிபி சொன்னால் மட்டும் தரும் வசதிக்கும் அதே கட்டணம். வீட்டு முகவரிக்கே இப்படி வரவழைத்து, ஆள் இல்லாமல் திரும்பினால், அடையாள அட்டையுடன் அஞ்சலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். வேலை நேரத்தில் அரை மணி அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்பது உண்மையான குறை. தனியார் கூரியருக்கு இந்த வழி பயன்படாது. ஆகவே ஆய்வகத்திடமோ வழக்கறிஞரிடமோ முகவரி கொடுக்கும்போதே, பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பும்படி சொல்லிவிட வேண்டும். சட்டையும் புத்தகமும் வழக்கம்போல் அலுவலகத்துக்கே வரட்டும்.